1853 என்ஃபீல்டு ரைஃபிளுக்குக் கையால் செய்த கட்டை: ஒரு நிகழ்வு ஆய்வு

கைக்கு வந்தபோது ரைஃபிள் இரண்டு துண்டாக இருந்தது. விரல் இழுக்கும் விசைக்குப் பின்னால், கை பற்றிப் பிடிக்கும் ஒல்லியான கழுத்தில் கட்டை, அதாவது குழலைத் தாங்கும் மர உடல், ஒடிந்திருந்தது. ஒடிந்த முகத்தில் இரண்டு விதப் பசையின் தடம் தெரிந்தது. அடியில் பழுப்பு நிற வச்சிரம், அதன் மேல் பளபளக்கும் எப்பாக்சி. ஆக, இது முதல் முறிவு இல்லை, குறைந்தது மூன்றாவது. உரிமையாளர் கேட்டது ஒன்றுதான்: "இனி ஒடியாதபடி ஒரு கட்டை செய்து தர முடியுமா?"

முன்பு ஏன் ஒடிந்தது என்று தெரியாமல் புதுக் கட்டை செய்தால் அதுவும் அதே இடத்தில் ஒடியும். அதனால் உளியைத் தொடுவதற்கு முன் பழைய கட்டையைப் பார்த்துப் படிப்பதற்கே நான்கு நாள் ஒதுக்கினேன். இந்த வேலையில் மிகவும் பயன்பட்ட நாட்கள் அவைதான்.

ரைஃபிளைப் பற்றி

இது 1853 மாதிரி என்ஃபீல்டு. வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெஜக்கோலால் இடிக்கும் ரகம். குழலின் துளை .577 அங்குலம், குழல் நீளம் 39 அங்குலம், உள்ளே மூன்று சுழல்வரிகள். குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்க மூன்று இரும்புப் பூண்கள். மொத்த நீளம் 55 அங்குலம், எடை நான்கு கிலோவுக்குச் சற்று மேல். 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டா பற்றிய பேச்சு எழுந்தது இந்த ரைஃபிளுக்கான தோட்டாவை வைத்துத்தான். 1866 முதல் இவற்றில் ஏராளமானவை பின்வழியாக ஏற்றும் ஸ்னைடராக மாற்றப்பட்டன. மாற்றத்துக்குத் தப்பிய ஒன்று மேசையில் கிடக்கிறது என்ற நினைப்பு கடைசி வரை என் கையை நிதானமாக வைத்திருந்தது.

இயந்திரத்தில் கடைந்த கட்டையை வாங்கி மாட்டிவிடலாமே என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். என்ஃபீல்டில் இருந்த அரசுத் தொழிற்சாலை 1850களில் அமெரிக்க இயந்திரங்களை வரவழைத்து, ஒரு ரைஃபிளின் உறுப்பு இன்னொன்றிலும் பொருந்தும்படி செய்யத் தொடங்கியது. கட்டை கடையும் இயந்திரமும் அவற்றில் உண்டு. 1819இல் தாமஸ் பிளாஞ்சர்டு காப்புரிமை பெற்ற நகல் கடைசலின் வழிவந்தது அது. ஆனால் பர்மிங்காமிலும் லண்டனிலும் ஒப்பந்தக்காரர்கள் செய்த ரைஃபிள்கள் ஒவ்வொன்றும் கையால் பொருத்தப்பட்டவை. நம் கையில் இருந்தது அந்த வகை. பூட்டுத் தகட்டின் (சுடும் பொறியைத் தாங்கும் பக்கத் தகடு) வளைவும், திருகாணித் துளையின் இடமும், குழல் வாலின் சரிவும் இந்த ஒரு ரைஃபிளுக்கே உரியவை. வேறு எதற்கோ கடைந்த கட்டை இதில் சரியாக உட்காராது. உட்கார வைக்க இரும்பைத்தான் அராவ வேண்டும், அதற்கு நான் ஒப்பமாட்டேன்.

வேறு எதற்கும் முன்னால் ஒரு சோதனை. பழைய வாய்வழி ரைஃபிள்களில் எப்போதோ இடித்த மருந்து உள்ளேயே கிடப்பது அபூர்வம் இல்லை. கெஜக்கோலை அடிவரை விட்டு, குழல் வாய் விளிம்பில் அதன் மேல் அடையாளம் வைத்து, வெளியே எடுத்துக் குழலின் பக்கவாட்டில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். கோலின் முனை, கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு தொப்பி) மாட்டும் காம்புக்கு நேராக வந்து நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை. அது இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, மருந்தை எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்திருப்பேன்.

எங்கே ஒடிந்தது, ஏன் ஒடிந்தது

சுடும்போது சுமார் 34 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு முன்னே பாய்கிறது, குழல் பின்னே உதைக்கிறது. அந்த உதையை மரம் எங்கே வாங்கிக்கொள்கிறது என்பதில்தான் கட்டையின் ஆயுள் இருக்கிறது. குழலின் அடியில், அதாவது பின்கோடியில், பின்னோக்கிய தட்டையான முகம் (அடிமுகம்) ஒன்று உண்டு. அது கட்டையில் அதற்கென வெட்டிய மர முகத்தோடு முழுதாக ஒட்டி நிற்க வேண்டும். உதை அந்த அகலமான முகம் வழியாகக் கட்டை முழுதும் பரவிவிடும். அந்த முகத்திலிருந்து பின்னால் நீளும் வால், கழுத்தின் மேல் பதிந்து ஒரு திருகாணியால் கீழே இறுகுகிறது. வாலின் வேலை குழலைக் கீழே பிடித்து வைப்பது மட்டும். உதையை அது சுமக்கக் கூடாது. வாலின் நுனி மரத்தில் முட்டினால், ஒவ்வொரு குண்டுக்கும் அது கழுத்தில் அடித்த ஆப்பாக வேலை செய்யும்.

பழைய கட்டையில் நடந்தது அதேதான். குழலை அதன் குடைவில் வைத்து, இடைவெளி அளக்கும் தகடுகளை அடிமுகத்தில் நுழைத்தேன். 1.1 மில்லிமீட்டர் தகடு தடையில்லாமல் போனது. வால் நுனியிலோ மெல்லிய சிகரெட் தாளைக்கூட நுழைக்க முடியவில்லை. அங்கே மரம் நசுங்கி, கண்ணாடி போல வழவழப்பாகியிருந்தது. ஒடிந்த முகத்தின் நார்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது விரிசல் தொடங்கிய இடமும் அதே நுனி. அங்கிருந்து திருகாணித் துளை வழியாக இறங்கிக் கழுத்தைக் கடந்திருந்தது. பூட்டுத் தகட்டின் பின்கோடியிலும் நசுங்கல் இருந்தது. ஆக, அடிமுகம் வாங்க வேண்டிய உதையை வாலும் பூட்டும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

அடிமுகத்து மரம் ஏன் 1.1 மில்லிமீட்டர் உள்வாங்கியது? அந்த இடத்து மரம் கறுத்திருந்தது. ஊசியைக் கட்டை விரலால் அழுத்தினாலே இரண்டு மில்லிமீட்டர் இறங்கியது. கட்டையின் அடிப்பகுதியில் அதே ஊசி நுனிகூட ஏறவில்லை. லேசாகச் சூடு காட்டியதும் கறுத்த இடத்திலிருந்து எண்ணெய் கசிந்தது. காரணம் எளியது, அதனாலேயே யாருக்கும் தோன்றுவதில்லை. துடைத்து எண்ணெய் போட்ட ரைஃபிளை வாய் மேலே பார்க்கச் சுவரோரம் சாய்த்து வைத்தால், எண்ணெய் குழல் வழியே இறங்கி, அடிமுகத்துக்கு எதிரே இருக்கும் மரத்தின் வெட்டுமுகத்தில் சேரும். வெட்டுமுகம் நார்க்குழாய்களின் திறந்த வாய். உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பல பத்தாண்டு எண்ணெயில் ஊறிய மரம் மெத்தென்று ஆகிவிடும். பசை தோற்றதற்கும் காரணம் அதுவே. எண்ணெய் ஊறிய நாரில் வச்சிரமும் பிடிக்காது, எப்பாக்சியும் பிடிக்காது. முன்பு ஒட்டியவர்கள் கவனக்குறைவாகச் செய்யவில்லை, மரம் அவர்களுக்கு ஒத்துழைக்கவில்லை.

கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் புது மரம் சேர்க்கலாமா என்று யோசித்தேன். கழுத்து முழுக்க எண்ணெய் ஏறியிருந்ததால், ஒட்டப் பிடிக்கும் நல்ல மரம் கிடைக்க நடுவில் ஒரு சாணுக்கும் மேல் வெட்டி எறிய வேண்டும். அப்படிச் செய்தால் பழைய கட்டையும் பாழ், புதியதும் அரைகுறை. எனவே பழையதை ஒரு சீவல்கூட எடுக்காமல் அப்படியே பத்திரப்படுத்துவது, முற்றிலும் புதிய கட்டை செய்வது என்று முடிவானது. கூடவே மூன்று விஷயங்களை எழுதி உரிமையாளரிடம் கையொப்பம் வாங்கினேன். இரும்பில் எங்கும் அரம் படாது. பழைய கட்டையின் வலப்பக்கத்தில் இருந்த வட்ட முத்திரையைப் புதியதில் போலியாகப் பதிக்க மாட்டேன். குழல் குடைவுக்குள் இது மாற்றுக் கட்டை என்றும் செய்த ஆண்டும் பொறிக்கப்படும். எதிர்காலத்தில் இதை வாங்குபவர் ஏமாறக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மரம்

மூலக் கட்டை ஐரோப்பிய வால்நட். அதே மரத்தில் 1,350 × 180 × 60 மில்லிமீட்டர் துண்டு எடுத்தேன். அழகான சுருள் ரேகை உள்ள துண்டு ஒன்றும் கையில் இருந்தது. அதை வேண்டாம் என்று வைத்துவிட்டேன். ராணுவக் கட்டைக்கு ரேகை நேராகப் போக வேண்டும், கழுத்தில் அது கழுத்தின் சரிவோடு சேர்ந்து இறங்க வேண்டும். ரேகை கழுத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால், அடிமுகம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஒருமுறை கீழே விழுந்தால் போதும், ஒடிந்துவிடும்.

ஈரப்பதம் 11 சதவீதம் காட்டியது. மீட்டரை மட்டும் நம்பாமல், வாரம் ஒருமுறை துண்டை எடை போட்டு, மூன்று வாரம் எடை மாறாமல் நின்ற பிறகே வேலையைத் தொடங்கினேன். மரம் நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் விளையாடும். கருவால்நட்டில் மரத்தின் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், ஈரப்பதம் ஒரு சதவீதம் மாறினால் அகலம் 0.27 சதவீதம் மாறும். ஆரத் திசையில் 0.19. ஐரோப்பிய வால்நட்டும் இதற்கு மிக நெருக்கம்தான். என் துண்டில் இடவலத் திசை வளையத்தை ஒட்டியது. 32 மில்லிமீட்டர் அகலமுள்ள முன்கட்டையில் ஈரப்பதம் நான்கு சதவீதம் ஏறி இறங்கினால் கிட்டத்தட்ட 0.35 மில்லிமீட்டர் அசைவு. தாள் கனத்துக்குப் பொருத்தம் பார்க்கும் வேலையில் அது பெரிய எண்.

குழலைப் பதித்தது

முதலில் குழல், பிறகு பூட்டு, அதற்குப் பிறகு விசை. இந்த வரிசையை மாற்ற முடியாது. குழல் உட்கார்ந்தால்தான் காம்பின் இடம் நிலையாகும். காம்பை வைத்துத்தான் பூட்டின் இடம், பூட்டை வைத்துத்தான் விசையின் இடம்.

குழல் குடைவை முதலில் இரண்டு மில்லிமீட்டர் குறைவாகவே தோண்டி நிறுத்தினேன். மறுநாள் காலையில் நேர்விளிம்பு வைத்துப் பார்த்தால் முன்கட்டை இடப்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் வளைந்திருந்தது. நடுமரத்தை எடுத்ததும் உள்ளே அடைபட்டிருந்த இறுக்கம் வெளியே வந்துவிட்டது. முழு ஆழத்துக்கும் ஒரே மூச்சில் குடைந்திருந்தால் இந்தத் துண்டு விறகுதான். மூன்று வாரம் அப்படியே கிடக்க விட்டேன். வளைவு கூடவில்லை, குறையவும் இல்லை. அப்புறம் மீதமிருந்த இரண்டு மில்லிமீட்டருக்குள் கோட்டைத் திருத்தி நேராக்கினேன்.

அடுத்து அடிமுகம். இந்த ஒரு முகத்துக்காகவே ஐந்து நாள் போனது. குழலை அதன் இறுதி இடத்திலிருந்து 3 மில்லிமீட்டர் முன்தள்ளி வைத்துக் குடைந்து, பிறகு முகத்தைச் சீவிச் சீவிப் பின்னால் கொண்டுவந்தேன். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பில் மெல்லியதாகப் பூசி, குழலை இறக்கி, மரக் கொட்டாப்புளியால் வாயில் ஒரு தட்டு. தூக்கிப் பார்த்தால் மரத்தில் தொட்ட இடம் கறுப்பாகத் தெரியும். கறுப்பை மட்டும் சீவ வேண்டும். முதல் நாள் மேல் விளிம்பில் இரண்டே புள்ளிகள். மூன்றாம் நாள் பாதி முகம். ஐந்தாம் நாள் முக்கால் பங்குக்கு மேல் சீராகக் கரி ஒட்டியபோது நிறுத்தினேன். வெட்டுமுகத்தைச் சீவும் உளி சவரக் கத்தியாக இருக்க வேண்டும். மழுங்கிய உளி நாரை வெட்டாமல் மடக்கும், மடங்கிய நாரும் கரியை வாங்கிக்கொண்டு நம்மை ஏமாற்றும். பத்துச் சீவலுக்கு ஒருமுறை சாணை பிடித்தேன்.

வால் நுனிக்குப் பின்னால் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். சிலருக்கு அந்தக் கோடு குறையாகப் படலாம். ஒரு காட்சிப்பொருளாக இருந்தால் நானும் மூடியிருப்பேன். சுடப்போகும் ரைஃபிளில் அந்தக் கோடு இருந்தே ஆக வேண்டும்.

பூட்டும் விசையும்

பூட்டை அப்படியே வைத்துக் கோடு போட்டுத் தோண்டுவது ஆரம்பநிலைக்காரர் செய்யும் தவறு. ஸ்பிரிங்கை அதற்கான கிடுக்கியில் அழுத்திக் கழற்றி, உள்ளுறுப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் தகட்டை முதலில் பதித்தேன். பிறகு ஒவ்வொரு உறுப்பாகச் சேர்த்து, அதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு மட்டும் குடைந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஆழம் வேறு. மொத்தமாக ஒரு பள்ளம் தோண்டினால் வேலை அரை நாளில் முடியும், ஆனால் கழுத்துக்கு முன்னால் கட்டையில் மரமே மிஞ்சாது. குழல் குடைவுக்கும் பூட்டுக் குழிக்கும் நடுவே இருக்கும் மெல்லிய சுவர்தான் அந்தப் பகுதியின் உயிர்.

தகட்டின் முன்மேல் விளிம்பில் அரைவட்ட வெட்டு ஒன்று உண்டு. குழலின் பக்கத்தில் காம்பைத் தாங்கும் புடைப்பு அதில் அமர வேண்டும். அது சரியாக அமர்ந்தால் குதிரை, அதாவது கேப்பை அடிக்கும் சுத்தி, காம்பின் மேல் நேராக விழும். கேப் இல்லாமல், காம்பின் மேல் மெல்லிய தோலை வைத்துக் குதிரையை விரலால் பிடித்தபடியே இறக்கிப் பார்த்தேன். வட்டமான தடம் தோலின் நடுவில் சீராக விழுந்தது. தகட்டின் பின்கோடிக்கும் தாள் கனம் இடைவெளி விட்டேன், அதுவும் உதையைச் சுமக்கக் கூடாது என்பதால்.

ஒரு மாலை நேரத்தில், வெளிச்சம் போன பிறகும் இன்னும் கொஞ்சம் என்று தொடர்ந்ததில், குழியின் கீழ் விளிம்பில் நெல்மணி அளவுக்குச் சில்லு பெயர்ந்தது. சில்லைத் தேடி எடுத்து அதே இடத்தில் ஒட்டினேன். இன்று தேடினால்தான் தெரியும். ஆனாலும் வேலைக் குறிப்பில் அதை எழுதிவைத்தேன்.

விசையில் வந்த சிக்கல் இதைவிடப் பெரியது. விசையை இழுக்கும்போது அதன் மேல்விளிம்பு, குதிரையைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் கையை மேலே தள்ளுகிறது. விசைத் தகடு அரை மில்லிமீட்டர் ஆழமாக உட்கார்ந்தாலே, யாரும் தொடாதபோதும் விசை அந்தக் கையை லேசாகத் தூக்கிக்கொண்டே இருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. முழுதாக இழுத்த குதிரை நின்றது. பாதி இழுத்த நிலையில், அதாவது பாதுகாப்பாக நிற்க வேண்டிய நிலையில், கொக்கி அதன் வெட்டில் முழுதாக இறங்கவில்லை. பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பூட்டைத் தனியே கையில் வைத்து இயக்கியபோது வந்த அழுத்தமான சத்தம் கட்டைக்குள் வரவில்லை என்பதால்தான் சந்தேகம் வந்தது. விசையின் உச்சியை அராவினால் ஒரு நிமிட வேலை. இரும்பைத் தொடுவதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தகட்டின் அடியில் அதே வால்நட்டில் மெல்லிய சீவலை ஒட்டி, மறுபடி பொருத்தினேன். இப்போது விசைக்கும் கொக்கிக் கைக்கும் நடுவே ஒரு மயிரிழை ஆட்டம் இருக்கிறது. சத்தமும் சரியானது.

கெஜக்கோல் துளையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்கட்டையின் அடியில் திறந்த சாலாக ஓடி, பின்பூணுக்குப் பின்னால் துளையாக உள்ளே போகிறது. நீண்ட துளைக்கோல் ரேகையோடு திரும்பிவிடும் என்பதால் சாலையே வழிகாட்டியாக்கி, இரண்டு இடத்தில் மரக்கட்டை கொண்டு கோலை இறுக்கிப் பிடித்து, கையால் திருகித் துளைத்தேன். வெளி உருவம் செதுக்குவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். துளை கொஞ்சம் விலகினாலும் வெளிப்பக்கத்தைச் சரிசெய்ய மரம் இருக்கும்.

எண்ணெய் தந்த பாடம்

வெளி உருவம் பழைய கட்டையின் அளவுதான். பித்தளை அடித்தகடு, விசைக்காப்பு, முனைப் பூண் எல்லாம் மூலத்தில் இருந்தவை. உப்புத்தாளை அளவோடு பயன்படுத்தினேன், இல்லையென்றால் இரும்பை ஒட்டிய விளிம்புகள் உருண்டு, மரம் சோப்பு போலத் தெரியும். மேல்பூச்சு ஆளி விதை எண்ணெய். அது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிறது, அப்போது வெப்பமும் வெளிவிடுகிறது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். ஒவ்வொரு துணியையும் விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் முக்கியோ அப்புறப்படுத்தினேன்.

அடிமுகத்தையும் உட்குடைவுகளையும் மெல்லிய ஷெல்லாக்கால் அடைத்தேன், துப்பாக்கி எண்ணெய் மறுபடி நாருக்குள் ஏறாமல் இருக்க. ஒன்பது முறை ஆளி எண்ணெய் பூசி ஆறு வாரம் காயவைத்த பின் கடைசியாக ஒருமுறை கரி தடவிப் பார்த்தேன். வால் நுனியில் கறுப்பு ஒட்டியிருந்தது. விட்ட 0.4 மில்லிமீட்டர் எங்கே போனது? ஒவ்வொரு பூச்சிலும் அந்த இடுக்கில் வழிந்த எண்ணெய் தங்கிக் கெட்டியாகி, இடைவெளியை அரக்கு போல அடைத்துவிட்டது. பழைய கட்டையை ஒடித்த அதே தொடுகையை நானே மேல்பூச்சில் உண்டாக்கியிருந்தேன். அந்தக் கடைசிச் சோதனையைச் செய்யாமல் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. மெல்லிய கத்தி நுனியால் எண்ணெய்ப் படிவைச் சுரண்டி எடுத்து, தகடு வைத்து அளந்து, மறுபடி 0.4 ஆக்கினேன்.

சுட்ட பிறகு

குழலையும் காம்பையும் தகுதியுள்ள ஒரு துப்பாக்கிப் பணியாளர் பரிசோதித்து ஒப்புதல் தந்தார். அதன் பிறகுதான், கருமருந்தில் மிதமான அளவில், முதல் இரண்டு குண்டுகளைத் தாங்கியில் கட்டி, தூர நின்று கயிற்றால் இழுத்துச் சுட்டோம். மொத்தம் இருபது. கழற்றிப் பார்த்தபோது அடிமுகத்தின் கரித்தடம் இன்னும் சீராகிப் பரவியிருந்தது. வால் நுனி இடைவெளி 0.4இலிருந்து 0.3 ஆனது. மரம் தன் இடத்தில் அமர்ந்ததன் அடையாளம் அது, எதிர்பார்த்ததும்கூட.

ஒரு ஆண்டு கழித்து உரிமையாளர் மறுபடி கொண்டுவந்தார். இடையில் மழைக்காலம் ஒன்று கடந்திருந்தது. முன்கட்டையின் இடச் சுவர் குழலோடு கொஞ்சம் இறுகியிருந்தது, கணக்குப் போட்டபடியே. கரி காட்டிய இடத்தை இரண்டு சீவல் சீவினேன். வால் நுனியில் தகடு வைத்தேன். 0.3 மில்லிமீட்டர், மாறவில்லை. அடிமுகத்து மரம் ஊசிக்கு இடம் தரவில்லை. ரைஃபிளை இப்போது அவர் துடைத்த அன்று இரவு வாய் கீழே பார்க்க நிறுத்தி வைக்கிறார். பழைய கட்டை இரண்டு துண்டாகவே, முறிவு முகம் தெரியும்படி, அதே பெட்டியில் அதன் குறிப்புத்தாளோடு இருக்கிறது.